இரும்புடலும் சிறுவனும்

சிறுவர் பொருட்டு இயற்றப்பெறும் கதைகளை ஆராய்ச்சிக்கு உரியனவாக மதியாதார் பலர். அவை பொழுதுபோக்கிற்கு உதவுவனவன்றிப் பொருட்செறிவு உடையன அல்ல என்பது அவர்தம் துணிபு. அதிலும், மாடமாளிகை அளவு உயர்ந்த இயந்திர மனிதர் ஒருவரோடொருவர் பொருது மடியும் ஜப்பானியச் சித்திரத் தொடர்களை ஒருவன் கட்டுரைப் பொருளாக எடுத்துக்கொள்வானாயின், அவனை நோக்கி நகைப்பாரும் உளராவர். யானும் ஒருகால் அங்ஙனம் நகைத்தவனே. என் இளவல் இத்தகைய தொடரொன்றினை ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, அவனை எள்ளும் கருத்தோடு அருகிற் சென்று நின்றேன். அப்பொழுது திரையில் இயந்திரம் ஒன்றும் இல்லை. நெடுநாட் பிரிந்திருந்த தாயும் மகனும் எதிரெதிரே நின்று, ஒருவரையொருவர் அறியாதார்போல மயங்கிக்கொண்டிருந்தனர். எள்ள வந்த யான் அமர்ந்தேன்.

அத்தொடர் ஜப்பானிய மொழியில் 'கிதோ சென்ஷி கண்டாமு' எனப்படும். 'மொபைல் சூட் கண்டாம்' எனப் பிறநாட்டார் வழங்குவர். 1979ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நாகோயா தொலைக்காட்சி நிலையத்தின் வாயிலாகத் தொடங்கி, 1980ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் 43 பகுதிகளோடு முடிவெய்தியது. இதனை இயக்கியவர் யோஷியுகி தோமினோ என்பார். மாந்தர்தம் உருவங்களை யோஷிகாசு யாசுஹிகோவும், பொறிகளின் உருவங்களைக் குனியோ ஓகவாராவும் வகுத்தனர். நிப்பான் சன்ரைஸ் என்னும் நிறுவனத்தார் இதனை ஆக்கினர். இவ்வகைத் தொடர்கள் பலவற்றுள்ளும் எனக்கு மிக உவப்பானது இதுவே. அவ்வுவப்பு வெறும் விருப்பமோ, அன்றி அதற்குத் தக்க காரணம் உண்டோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இதன் இயல்பு விளங்கவேண்டின், இதற்கு முற்பட்ட இரும்பு மனிதர் இருவரை முதற்கண் அறிதல் வேண்டும்.

முதல்வன் 'தெத்சுஜின் 28' என்பான். இருபத்தெட்டாம் இரும்பு மனிதன் என்பது அப்பெயரின் பொருள். மித்சுதெரு யோகோயாமா 1956ஆம் ஆண்டில் திங்கள் இதழொன்றிற் சித்திரக்கதையாக இவனைப் படைத்தார். 1963ஆம் ஆண்டில் இவன் தொலைக்காட்சித் தொடரின் தலைவன் ஆயினான். உலகப்போரின் இறுதியில் ஜப்பானியப் படையினர் மறைவாக ஆக்கத் தொடங்கிய படைக்கலமே இவன் என்பது கதை. போர் ஒழிந்தபின் ஷோதாரோ என்னும் சிறுவன் கைக்கு இவன் வருகின்றான். ஷோதாரோ இவனுள் ஏறுவதில்லை. தொலைவில் நின்று, சிறு பெட்டியொன்றின் விசைகளை இயக்கி இவனை ஏவுகின்றான். பெட்டி எவன் கையதோ அவன் சொற்படி நடப்பதே இவ்விரும்பு மனிதனின் இயல்பு. நல்லோன் கையினின்று அதனைத் திருடன் பறித்துக்கொள்வானாயின், அக்கணமே இவன் திருடனுக்கு ஏவலாளன். யோகோயாமா 1934ஆம் ஆண்டில் கோபே நகரிற் பிறந்தவர். அந்நகர் 1945ஆம் ஆண்டில் வானூர்திகள் பொழிந்த தீக்குண்டுகளால் எரிந்தது. படைக்கலத்திற்கு நெஞ்சம் இல்லை என்பதனை அவர் தலைமுறையார் நூலிற் கற்கவேண்டிய தேவை இருந்திராது. அதே கோபே 1995ஆம் ஆண்டில் நிலநடுக்கத்தால் இடிந்து மீண்டபோது, மீட்சிக்கு அறிகுறியாக 2009ஆம் ஆண்டில் நாகாதா என்னும் பகுதியில் இவ்விரும்பு மனிதனுக்கே பெருஞ்சிலை எடுத்தனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

மற்றையோன் கோ நாகாய் படைத்த 'மஜிங்கர் இசட்'. 1972ஆம் ஆண்டு டிசம்பர் முதல் 1974ஆம் ஆண்டு செப்டம்பர் வரை 92 பகுதிகளாக இத்தொடர் நடந்தது. நெரிசலிற் சிக்கி அசையாது நின்ற வண்டிகளைக் கண்ட நாகாய், 'இவற்றுள் ஒன்றற்குக் கைகால் முளைத்து, ஏனையவற்றைத் தாண்டிச் செல்லுமாயின் எங்ஙனம் இருக்கும்!' என்று எண்ணியதே இக்கதைக்கு வித்து என்பர். அவ்வெண்ணத்தில் ஒரு புரட்சி அடங்கியிருந்தது. தெத்சுஜினைச் சிறுவன் வெளியே நின்று ஏவினான்; மஜிங்கரினுள்ளோ கோஜி என்னும் இளைஞன் தானே புகுகின்றான். சிறு ஊர்தியொன்றிற் பறந்து சென்று, பொறியின் தலையிற் சென்று பொருந்துகின்றான். பொருந்திய அளவில் 18 மீட்டர் உயர்ந்த அவ்விரும்புடல் அவன் உடலே ஆகின்றது. யானைமேல் ஏறிய பாகனை ஒப்பான் அல்லன் இவன், யானையே ஆகிவிட்டவன். பள்ளியில் வலியார் கையால் அடியுண்டு வீடு திரும்பும் சிறுவனுக்கு இதனினும் இனிய கனவு வேறு யாது?

கனவு இனிதாயின் அதற்கு விலை குறிப்பாரும் விரைவில் தோன்றுவர். 1974ஆம் ஆண்டில் மஜிங்கரின் உருவம் உலோகப் பொம்மையாக வார்க்கப்பட்டுக் கடைதோறும் விலைபோயிற்று. அதன்பின் பொம்மை நிறுவனத்தார் பொருள் உதவ, அவர் பொம்மைகளுக்கு விளம்பரமாகத் தொடர்கள் பிறப்பது வழக்கமாயிற்று. வாரந்தோறும் புதியதொரு கொடும்பொறி நகர்மேல் வரும், வீரன் ஏறுவான், ஊர் பாதி இடியும், பகை அழியும், மறுவாரம் அவ்வூர் முன்போலவே நின்றுகொண்டிருக்கும். இடிந்த வீடுகளில் எவரேனும் வாழ்ந்தனரோ என்பதை வினவுவார் இலர்.

அவ்வினாவை முதலில் உரத்து எழுப்பியவர் தோமினோ. 1941ஆம் ஆண்டிற் பிறந்த இவர், 'அஸ்ட்ரோ பாய்' தொடரிற் பணிசெய்து இத்தொழிலைப் பயின்றவர். 1977ஆம் ஆண்டில் இவர் இயக்கிய 'சாம்போட் 3' என்னும் தொடரில், பகைவரை எதிர்க்கும் குடும்பத்தாரை ஊரார் வாழ்த்துவதில்லை; கல்லெடுத்து ஓட்டுகின்றனர். 'நீவிர் இங்கு இருத்தலால் அன்றோ பகைவர் எம் இல்லங்களை எரிக்கின்றனர்?' என்பது அவர் முறையீடு. சிறுவர் தொடரொன்றில் இத்தகைய முறையீடு எழுந்தது வியப்பே. கண்டாம் இதன் அடுத்த படி.

கண்டாமின் கதை, மக்கட்பெருக்கம் மிகுந்து மனிதர் விண்வெளியிற் குடியேறிய காலத்து நிகழ்வது. பூமிக்கும் சந்திரனுக்கும் இடையே ஈர்ப்பு சமன்படும் இடங்களில் மாபெரும் உருளைகளை நிறுத்தி, அவற்றைச் சுழலச் செய்து, சுழற்சியால் எழும் விசையையே எடையாகக் கொண்டு உள்ளே ஊரும் ஆறும் அமைத்து வாழ்கின்றனர். இது தோமினோவின் கற்பனையன்று. அமெரிக்க இயற்பியலறிஞர் ஜெரார்டு ஓநீல் 1970களில் எண்ணிக் கணக்கிட்டு வெளியிட்ட திட்டத்தைத் தழுவியது. இவ்வுருளைக் குடியிருப்புகளுள் ஒரு தொகுதியார் 'ஜியோன்' என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டு, பூமியின் கூட்டரசோடு விடுதலைப் போர் தொடங்குகின்றனர். தொடங்கிய ஒரு திங்களளவில் மனித இனத்தின் பாதி மடிகின்றது. இவ்வளவும் முதற்பகுதியின் முகவுரையிலேயே கூறப்பட்டுவிடும்.

விண்ணில் ஏவுகணைகளும் தொலைவறி கருவிகளும் இருக்க, இயந்திர மனிதர் கைகலந்து பொருவது எற்றுக்கு எனின், அதற்கும் கதையில் விடையுண்டு. 'மினோவ்ஸ்கி துகள்' என்பதொன்றைத் தூவிவிட்டால் தொலைவறி கருவிகள் குருடாகும். ஆதலின் கண்ணாற் கண்டே பகைவனைத் தாக்கல் வேண்டும் என்பர். இயற்பியல் பயில்வார் இதனைக் கேட்டு முறுவலிப்பர். முறுவலிக்க, ஆயினும், இப்பொய்த்துகளின் பயன் வேறு. பகைவன் முகத்தைக் காணாமற் கொல்லுதல் இக்கதையில் இயலாது. அதன்பொருட்டே ஆசிரியர் இதனைப் புனைந்தார் என்று யான் கருதுகின்றேன்.

பெயரும் நோக்கத்தக்கது. 'சூட்' என்பது உடை. கண்டாம் வீரனும் அன்று, தெய்வமும் அன்று; 18 மீட்டர் உயர்ந்ததோர் உடுப்பு. குண்டு தீர்ந்தால் வறிதே நிற்கும். பழுதுபட்டால் செப்பனிடல் வேண்டும். எதிர்ப்படையின் 'ஜாக்கு' என்னும் பொறிகளோ, ஒரே அச்சில் வார்த்தாற்போல ஆயிரக்கணக்கில் ஆக்கப்பட்டவை. மஜிங்கரின் பகைவர் வாரத்திற்கு ஒருவராய்ப் புதுவடிவில் வந்தனர். ஜாக்குகள் படையாள் சீருடைபோல ஒரேவகையாய் வருகின்றன. உடையைக் கழற்றினால் உள்ளே இருப்பவன் யார் என்பதே இத்தொடர் முழுதும் ஓடும் வினா.

அமுரோ ரே என்பவன் பதினைந்து வயதுச் சிறுவன். கருவிகளைப் பிரித்துக் கோப்பதில் விருப்பமும், மக்களோடு பழகுவதிற் கூச்சமும் உடையவன். அவன் வாழும் உருளையூருக்குள் ஜியோன் படையின் ஜாக்குகள் நுழைகின்றன. ஓடுவார் கூட்டத்தில், அவன் தோழி பிராவ் போ என்பவளின் தாயும் பாட்டனும் அவள் கண்முன் மாய்கின்றனர். அமுரோ அருகில் கிடந்த கண்டாமினுள் ஏறி, கையிற் கிடைத்த விளக்க நூலைப் புரட்டிப் பார்த்தபடியே அதனை எழுப்புகின்றான். முதல் ஜாக்கினை வாளால் வெட்டி வீழ்த்துகின்றான். இதுவரையில் முந்தைய கதைகளின் மரபே. ஆனால் வெட்டுண்ட பொறி வெடிக்கின்றது. வெடிப்பால் ஊரின் சுவரில் துளை விழுகின்றது. அத்துளை வழியே காற்றோடு வெளியிழுக்கப்பட்டு விண்ணில் மறைபவன் கண்டாமை அமைத்த பொறிவல்லான், அமுரோவின் தந்தை. மகன் அதனை அறியான். இரண்டாம் ஜாக்கினை வெட்டாது, உள்ளிருப்பான் இருக்கும் இடம் நோக்கி வாளைச் செலுத்துகின்றான். வெடிக்கவிடாமற் கொல்லும் வகையை அதற்குள் கற்றுக்கொண்டான்! பின்னொருநாள் இத்தந்தையை ஒரு நடுநிலை ஊரிற் காண்கின்றான். உயிர்க்காற்றுக் குறைவால் மூளை கெட்டு, பழம்பொறியொன்றைப் பெருஞ்செல்வமென மகன் கையில் அளித்து மகிழ்கின்றார் அவர். மகன் தெருவில் நின்று அதனை வீசி எறிகின்றான். அக்காட்சி இரண்டு நிமிடமும் நில்லாது.

முற்கூறிய தாயின் காட்சி 13ஆம் பகுதியில் வருவது. சிறுவயதிலேயே தந்தை மகனோடு விண்ணூர் சென்றார்; தாய் பூமியிலேயே தங்கிவிட்டாள். போரின் நடுவே கப்பல் அப்பக்கம் செல்ல, அமுரோ விடைபெற்றுத் தன் வீட்டை நாடி வருகின்றான். வீட்டிலோ தன் நாட்டுப் படையாட்களே குடித்துக்கிடக்கின்றனர். தாய் அகதிகள் முகாமில் நோயாளரைப் பேணிக்கொண்டிருப்பதை அறிந்து அங்குச் செல்கின்றான். அவளும் மகனைத் தழுவிக்கொள்கின்றாள். அந்நேரம் ஜியோன் படையாட்கள் இருவர் முகாமைச் சோதிக்க வருகின்றனர். தாய் மகனைப் படுக்கையிற் கிடத்திப் போர்வையால் மூடி, நோயாளி என்கின்றாள். மகனிடத்திருந்த கருவி ஒலித்துக் காட்டிக்கொடுக்கின்றது. படையாள் போர்வையை நீக்க, உள்ளே மறைத்திருந்த துப்பாக்கியால் அமுரோ அவனைச் சுடுகின்றான்.

இப்பொழுது தாய் என் செய்வாள்? மகன் பிழைத்தான் என்று மகிழ்ந்தாளல்லள். விழுந்து கிடப்பவனுக்கும் மனைவி மக்கள் இருப்பரே என்று பதறுகின்றாள். 'யான் சுடப்பட்டிருந்தால் உமக்கு இசைவோ? உமக்கு என்மேல் அன்பில்லையோ?' என்பது மகனின் வினா. ஈண்டு யார் சொல் சரி, யார் சொல் பிழை என்று ஆசிரியர் தீர்ப்பு வழங்கவில்லை. தாயின் அறமும் பொய்யன்று. மகனின் அச்சமும் பொய்யன்று. கூச்சமுள்ள தன் குழந்தை யாண்டுச் சென்றது என்று அவள் தேடுகின்றாள்; அக்குழந்தை இரும்புடலினுள் கிடந்து திங்கள் சில கழித்துவிட்டது. பிரியும்போது அமுரோ தாயைத் தழுவவில்லை. படைவீரன் தலைவனுக்குச் செய்வதுபோல நிமிர்ந்து நின்று கைதூக்கி வணங்கிச் செல்கின்றான். அவ்வணக்கத்தினும் கொடிய பிரிவுரையை யான் எந்நாடகத்திலும் கண்டிலேன். தாய் நிலத்தில் இருந்து அழுகின்றாள்.

முதற்காட்சிகள் நீங்கலாக, இத்தொடரிற் சிறந்து நிற்கும் காட்சிகளெல்லாம் அமுரோ பொறியினின்று இறங்கி நிற்கும்பொழுதே நிகழ்வதை நோக்குக. தாயைக் கண்டது அங்ஙனம். தந்தையைக் கண்டது அங்ஙனம். ராம்பா ராலைக் கண்டதும் அங்ஙனமே.

ராம்பா ரால் ஜியோன் படைத்தலைவருள் ஒருவன், நடுவயதினன், ஆட்களால் நேசிக்கப்படுபவன். அமுரோவோ, தன்னைக் கண்டாமினின்று நீக்கப் பிறர் கருதுவதைக் கேட்டுச் சினந்து, பொறியோடு கப்பலை விட்டு ஓடிப்போந்தவன். பாலைநிலத்துச் சிற்றூரொன்றின் உணவுவிடுதியில் தனித்து இருக்கின்றான். அவ்விடத்திற்கே ராலும் அவன் ஆட்களும் பசியோடு வருகின்றனர். ராலின் துணைவி ஹமோன் சிறுவனுக்கும் உணவு வாங்கித் தர முற்படுகின்றாள். 'யான் இரவலன் அல்லேன். காரணமின்றி வாங்கி உண்ணேன்' எனும் பொருள்பட அவன் மறுக்கின்றான். ராலுக்கு அம்மறுப்புப் பிடித்துவிடுகின்றது. பகைவன் என்று அறிந்தபின்னும், போர்வைக்குள் துப்பாக்கியைப் பற்றிய கையைக் கண்டபின்னும், சிரித்து விடுத்து அனுப்புகின்றான். அன்றைப்பொழுதிலேயே இருவரும் இரும்புடல்களுள் இருந்து பொருகின்றனர். வாள்வீச்சில் இருபொறிகளின் மார்பும் கிழிந்து திறக்க, உள்ளிருந்த இருவரும் ஒருவரையொருவர் கண்டு திடுக்கிடுகின்றனர். தோற்ற ரால் பொறியினின்று குதிக்குமுன் கூறிச் செல்வது இதுவே: சிறுவனே, நன்கு பொருதாய்; ஆயினும் வென்றது உன் பொறியின் ஆற்றல், நீ அல்லை.

இதுபோன்ற சொல் மஜிங்கர் வழிவந்த தொடர்களில் எழ இயலாது. எழுமாயின் அத்தொடரின் அடிக்கல்லே பெயரும். பொறியும் சிறுவனும் ஒன்று என்னும் கனவை ராலின் இச்சொல் இரண்டாகப் பிளக்கின்றது. அமுரோ கப்பலுக்குத் திரும்பிச் சிறையில் அடைபட்டபோது, அதன்பொருட்டு அழவில்லை. அம்மனிதனை வெல்ல வேண்டும் என்றே அழுகின்றான். ஆனால் அவனுக்கு அவ்வாய்ப்புக் கிட்டுவதில்லை. தன்பக்கத்து அரசியற் சூழ்ச்சியால் புதுப்பொறிகள் வந்துசேராமையின், ரால் தன் ஆட்களோடு வெறுங்கையாற் கப்பலில் ஏறிப் பொருது மடிகின்றான். பகைவனை இழந்து அழும் வீரனை இளையோர்க்குக் காட்டும் துணிவு எத்தனை பேர்க்கு உண்டு?

ஏனைய மாந்தரைச் சுருங்கக் கூறுவாம். 15ஆம் பகுதியில் குக்குருஸ் டோவான் என்னும் ஜியோன் படையாள் வருகின்றான். தன் படையால் பெற்றோரை இழந்த குழந்தைகளை ஒரு தீவில் வைத்து வளர்த்து, தன் ஜாக்கினைக்கொண்டு அவர்களைக் காக்கின்றான். அவன் உடலிற் படிந்த போர்நாற்றமே பகைவரை இழுக்கின்றது என்று கூறி, அமுரோ அந்த ஜாக்கினைக் கடலில் வீசுகின்றான். சிறியதான இக்கதையை யாசுஹிகோ மறவாது, 2022ஆம் ஆண்டில் தாமே இயக்கித் திரைப்படமாக்கினார். 28ஆம் பகுதியில் மிஹாரு என்னும் ஏழைப்பெண் வருகின்றாள். தம்பி தங்கையர்க்குச் சோறிடும்பொருட்டு ஜியோனுக்கு ஒற்றுவேலை செய்பவள். தான் ஒற்றறிந்து கூறிய கப்பலில் சிறு குழந்தைகள் இருத்தலைக் கண்டு நெஞ்சம் உடைந்து, கப்பலைக் காக்கத் தானே ஏவுகணையைக் கையால் விடுக்கப் புகுந்து, அதன் வீச்சால் கடலில் தூக்கியெறியப்படுகின்றாள். உடனிருந்த காய் என்பவன், போர் முடிந்து திரும்பிப் பார்த்தபின்னரே அவள் இல்லாமையை அறிகின்றான். நெற்றியிற் பொட்டணிந்து இந்தியச் சாயலோடு வரும் லாலா என்னும் நங்கையோ, அமுரோவின் உள்ளத்தைச் சொல்லின்றி அறியும் ஒருத்தி. பகைவன் ஷாரைக் காக்க இடையிற் புகுந்து அமுரோவின் வாளாலேயே மடிகின்றாள். ஒருவரையொருவர் முற்றும் அறிந்த இருவருள் ஒருவர் மற்றவரைக் கொல்ல நேர்வது, இக்கதையின் கொடுமுடி எனலாம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. சொல்லின்றி உள்ளம் அறியும் மாந்தரை 'நியூடைப்' என்று பெயரிட்டு ஆசிரியர் பேசத் தொடங்கும் இறுதிப்பகுதிகள், விரைந்து முடிக்கப்பட்டனபோலத் தோன்றும். அதற்குக் காரணமும் உண்டு. 52 பகுதிகளாகத் திட்டமிட்ட தொடர், பார்ப்போர் தொகையும் பொம்மை விற்பனையும் குறைந்தமையால் 43 பகுதிகளிற் குறைக்கப்பட்டது. யாசுஹிகோவும் இடையே நோயுற்று வீழ்ந்தார். பொம்மை விற்பனையின்பொருட்டுப் புகுத்தப்பட்ட சில துணைப்பொறிகள், கதையோடு ஒட்டாது துருத்தி நிற்கின்றன. பின்னர் இதனைத் திரைப்படமாகத் தொகுத்தபோது ஆக்கியோரே அவற்றுட் சிலவற்றை நீக்கினர். பாதி மனித இனம் மாய்ந்ததை முகவுரையில் ஒரு சொற்றொடராற் கடந்து செல்வதும் எனக்கு உடன்பாடன்று. ஒரு தாயின் அழுகைக்கு ஒரு பகுதியை அளித்தவர், அத்துணைக் கோடியர்க்குச் சிறிது காலம் அளித்திருக்கலாம்.

தோல்வியுற்ற தொடர் பின் வாழ்ந்த வரலாறு வியப்பூட்டுவது. மறுஒளிபரப்பால் இளைஞர் இதனை விரும்பத் தொடங்கினர். 1980ஆம் ஆண்டு ஜூலையில் பந்தாய் நிறுவனத்தார் 144இல் ஒரு பங்கு அளவில், 300 யென் விலைக்கு, பகுதிகளைக் கோத்துத் தாமே ஆக்கிக்கொள்ளும் கண்டாம் உருவத்தை வெளியிட்டனர். 18 மீட்டர் உடல் 12.5 சென்டிமீட்டர் ஆயிற்று. 1981ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், தோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தின் முன் ஆயிரக்கணக்கான இளைஞர் திரண்டனர். அதே ஆண்டு மார்ச்சிலும் ஜூலையிலும், 1982ஆம் ஆண்டு மார்ச்சிலுமாக மூன்று திரைப்படங்கள் வந்தன. முழு உயரச் சிலையை 2009ஆம் ஆண்டில் தோக்கியோவின் ஒதாய்பாவில் நிறுத்தினர். யோகோஹாமாத் துறைமுகத்தில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை, கைகால் அசைக்கும் கண்டாமே மக்கட்குக் காட்சியளித்தது.

ஈண்டு ஒரு வலிய தடை எழும். போரின் கொடுமையைக் கூறும் கதையே போர்ப்பொறிகளின் உருவங்களை விற்கும் கடையாயிற்றன்றோ? மிஹாருவுக்காக அழுத சிறுவன், மறுநாள் கடைக்குச் சென்று வாங்குவது துப்பாக்கி ஏந்திய இரும்பு மனிதனையன்றோ? இத்தடையை யான் முற்றும் விலக்க வல்லேன் அல்லேன். என் இளவலின் மேசைமேல் ஜாக்கு ஒன்று நிற்கின்றது. அதன் அழகை யானும் அறிவேன். ஆயினும் ஒன்று கூறலாம். கோத்து முடித்த அவ்வுருவத்தின் மார்பைத் திறந்து உள்ளிருப்பான் இடத்தைக் காட்டி, 'இங்கேதான் ரால் இருந்தான்' என்று அவன் எனக்குச் சொன்னான். பொம்மையினுள் ஒரு மனிதனைத் தேடும் பழக்கத்தை அவனுக்குக் கற்பித்தது, பொம்மையை விற்ற அக்கதையே.

இறுதிப்பகுதியின் முடிவோடு இதனை நிறுத்துகின்றேன். ஜியோனின் கோட்டையில் நிகழும் கடைசிப் போரில் கண்டாம் தலையையும் கையொன்றையும் இழக்கின்றது. அமுரோ அதனினின்று இறங்கி, அதனைத் தானே நடக்கவிடுகின்றான். தலையற்ற அவ்வுடல் மேல்நோக்கிக் கையுயர்த்திச் சுட்டுப் பகைப்பொறியை வீழ்த்தித் தானும் அழிகின்றது. அதன்பின் அமுரோவும் ஷாரும் பொறியின்றி, கையில் வாளேந்தி, வெறும் மனிதராய் நேருக்குநேர் பொருகின்றனர். எரியும் கோட்டையுள் வழிதெரியாது தவித்த அமுரோ, சிதைந்த கண்டாமின் வயிற்றினின்று சிறு ஊர்தியைப் பிரித்தெடுத்து வெளியேறுகின்றான். கப்பலை இழந்த தோழர் ஒரு படகில் மிதந்துகொண்டிருக்கின்றனர். அவன் எங்குள்ளான் என்பதனை அவர்களுள் எவரும் அறியார். கப்பலிற் கூடவே வளர்ந்த மூன்று சிறு குழந்தைகள் மட்டும் இருளைச் சுட்டி, இன்னும் சிறிது இப்புறம், இன்னும் சிறிது இப்புறம் எனத் திசை கூறுகின்றனர். அவர்தம் கையசைப்பைக் காணும் அமுரோ, தான் திரும்பிச் செல்லுதற்கு ஓரிடம் இன்னும் உண்டென்று கண்ணீர் மல்க மகிழ்கின்றான். ஊர்தியையும் விட்டு, வெறுங்கையனாய், நீட்டிய கைகளை நோக்கி வெளியில் மிதந்து வருகின்றான்.